தாரணி இப்போது எங்கே இருக்கிறார்?

அருணேஷ் இன்னும் வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறான். சரவணம்பட்டி சிக்னலில் நிற்கிறான், கீழே வண்டியை நிறுத்துகிறான், லிஃப்ட் பக்கத்தில் யாரிடமோ பேசுகிறான், இப்படிக் காலையிலிருந்து வந்துகொண்டே இருப்பவனை நம்பி நாங்கள் இந்தக் கண்ணாடி அறைக்குள் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறோம், கம்பெனியை ஆரம்பித்தவனுக்கு மட்டும் கடிகாரம் வேறு மாதிரி ஓடும் போலிருக்கிறது. ஏசி என் உச்சந்தலைக்கு நேர் மேலே. எதிரே ஷபீர் லேப்டாப்பைத் திறந்து சுவரில் படம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன்தான் மென்பொருள் எழுதுகிறவன், இன்றைக்கு அவன் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், நான் ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை எல்லோருடைய போனுக்கும் போய்விடும். அதற்கு முன்னால் நான் எழுந்து நின்று பேச வேண்டும். தலைப்பு, புதிய ஆட்களை வரவைப்பது எப்படி. நாலு கல்யாணம் முடித்த தரகர் மாதிரி பேச வேண்டும். எங்கள் மென்பொருளுக்குக் 'கூடம்' என்று பெயர், ஒரு குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில், யாருக்கு என்ன மருந்து, யாருக்கு என்ன ரத்த வகை, சித்தி மகளின் கல்யாணம் எந்த மண்டபம், கேஸ் சிலிண்டர் எப்போது பதிந்தது, யார் வீட்டு முகவரி எது, எல்லாரும் எழுதலாம், எல்லாரும் பார்க்கலாம். நல்ல சாமான்தான். வந்தவர்கள் யாரும் விட்டுப் போகவில்லை, புதிதாகத்தான் யாரும் வரவில்லை. "உள்ள இருக்கறவங்க வெளிய போக மாட்டேங்கறாங்க, வெளிய இருக்கறவங்க உள்ள வர மாட்டேங்கறாங்க, நாம என்ன ஜெயிலா நடத்தறோம் கோகிலா?" என்று போன வருடம் இதே மேஜையில் அருணேஷ் என்னைக் கேட்டான், எல்லாரும் சிரித்தோம், நானும்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் காலிப் பக்கம். என்னுடைய யோசனை, யாரும் பங்குக்கு வர முடியாது. விளம்பரம் போட்டுப் பார்த்தோம், பஸ்ஸின் பின்னால் ஒட்டிப் பார்த்தோம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் மென்பொருள் நன்றாக இருக்கிறது என்று எந்த மனுஷனும் மென்பொருளுக்குள் வருவதில்லை, அம்மா கூப்பிட்டால் வருவான், அக்கா கோபித்துக்கொண்டால் வருவான். அதனால் குடும்பத்தில் இன்னும் சேராத ஆளுக்கும் நாமே ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிடுவது. பெயர் மட்டும் இருக்கும், பக்கத்தில் ஒரு வட்டம், வெள்ளையாக. உள்ளே இருப்பவர்களிடம் தினமும் ஒரு கேள்வி கேட்பது, இவருக்குப் பிறந்த நாள் என்ன, ரத்த வகை என்ன, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகும். முழுதும் பச்சையானால் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரு செய்தி போகும், வந்து பாருங்கள் என்று. சேராத அந்த ஆளுக்கும் போகும், உங்கள் வீட்டில் உங்களுக்கு ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று. எந்தத் தங்கச்சிக்கு, எந்தத் தம்பிக்கு மனசு இளகாது? வட்டம் பாதியில் நின்றால் அம்மாக்களுக்குத் தூக்கம் வராது என்பதும் எனக்குத் தெரியும், அரைக் கோலத்தோடு வாசலை விட்டுவிட்டு உள்ளே போக முடியாத ஜாதி அது, நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். முதலில் கம்பெனி ஆட்களின் குடும்பங்களில் மட்டும் விட்டுப் பார்த்தோம். கொட்டோ கொட்டென்று வந்து சேர்ந்தார்கள். அருணேஷ் என் மேஜைக்கு வந்து ஆடாத குறை. கேள்விகளை எல்லாம் நானே எழுதினேன், சாயங்காலம் இஞ்சி டீயை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தடவித் தடவி. மருந்து கேட்கும்போது கவலை தெரிய வேண்டும், பிறந்த நாள் கேட்கும்போது பிரியம் தெரிய வேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன். முகவரி என்ன என்று கேட்டால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்று அடித்துவிட்டு, இவர் இப்போது எங்கே இருக்கிறார், குடும்பத்துக்குச் சொல்லுங்களேன் என்று மாற்றினேன். அந்தச் 'சொல்லுங்களேன்'-ஐ நினைத்து அன்றைக்கு முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது சுவரில் படம் விழுந்துவிட்டது. "உங்க வீட்டையே காமிச்சரலாமாக்கா, அதுதான் நல்லா நெறஞ்சிருக்கு," என்றான் ஷபீர், நான் போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். எங்கள் வீடு சுவரில் இவ்வளவு பெரிதாக. அம்மா, நான், என் வீட்டுக்காரர், சித்தி, சித்தி மகள், எல்லாருக்கும் வட்டம், எல்லாம் பச்சை. தாரணி. தாரணிக்கும் பச்சை. என் தங்கை சேரவே இல்லை, அவளுக்கு இருப்பது காலிப் பக்கம்தான், அதில் ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது, அதனால் கொஞ்சூண்டு வெள்ளை ஓரத்தில் எப்போதும் இருக்கும், நகத்தில் விட்டுப்போன மருதாணி மாதிரி. அது இல்லை. அதற்குப் பிறகுதான் காலையில் அம்மா போனில் பேசியது எனக்கு உறைத்தது. வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஒரு காதில் கேட்டது, "அம்மிணி, நேத்து நாடகம் முடிஞ்சொடனே உக்காந்து அதயும் எழுதிப் போட்டுட்டனாக்கும், முழுசாப் பச்ச வந்துருச்சு பாரு," என்றாள், நான் சரிம்மா சரிம்மா என்றேன், லிஃப்ட் மூடிக்கொண்டது, சிக்னல் போய்விட்டது. எது அந்த 'அதயும்' என்று கேட்கத் தோன்றவில்லை. பாக்கி இருந்தது ஒன்றுதான். தாரணி இப்போது எங்கே இருக்கிறார், குடும்பத்துக்குச் சொல்லுங்களேன். சொல்லிவிட்டாள். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

தாரணி ஓசூரில் இருக்கிறாள். அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும், என் வீட்டுக்காரருக்குக்கூடப் பெங்களூர் பக்கம் என்று பொதுவாகத்தான் சொல்லியிருக்கிறேன். நானே கொண்டுபோய் விட்டேன், பெண்கள் விடுதி, மாடியில் கடைசி அறை, பக்கத்துத் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை, இப்போது இரண்டாம் ஷிப்ட், மதியம் போனால் போதும், காலையில் தூங்குவாள். தூங்கட்டும். கல்யாணமாகி இரண்டு வருடம் அவள் தூங்கவே இல்லை. அவள் புருஷன் லோகநாதன் குடிக்க மாட்டான், சிகரெட் கிடையாது, ஈரோட்டில் சொந்தமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை, எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் மாப்பிள்ளை என்றால் லோகு மாதிரி இருக்கணும் என்பார்கள், பந்தியில் கடைசி ஆள் சாப்பிடும்வரை தானும் உட்கார மாட்டான், பெரியவர்களைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவான். வீட்டில் அவளை அடிப்பதற்கு முன்னால் மிக்ஸியைப் போடுவான். உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் மிக்ஸி ஓடும், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக்கூடாது. அவள் இதை என்னிடம் சொன்னது எங்கள் வீட்டுச் சமையலறையில், நான் சட்னிக்குத் தேங்காயைப் போட்டு மிக்ஸியைத் திருகியபோது மேடைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள், காதைப் பொத்திக்கொண்டு, இருபத்தாறு வயசுப் பெண். அன்றைக்கு முதல்முதலாக ஒரு மனுஷனைக் கொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது, தோன்றியதோடு சரி. கடைசியாக அவள் கிளம்பி வந்த அன்றைக்கு அவன் எங்கள் அம்மாவுக்குப் போன் செய்தான், ரொம்ப மரியாதையாக, "அவ எங்க இருந்தாலும் நான் போய்க் கூட்டிட்டு வந்துக்கறனுங் அத்த, நீங்க மனசு ஒடஞ்சுக்காதீங்க." எங்க இருந்தாலும். அம்மா அதைக் கேட்டு அழுதாள், பாரு கண்ணு எத்தனை தன்மையாப் பேசறாரு என்று. எனக்கு அந்த 'எங்க இருந்தாலும்' இன்னும் காதுக்குள் இருக்கிறது.

அவன் எங்கள் கூடத்தில் இருக்கிறான். சுவரில் பார்க்கிறேன், அம்மாவுக்குப் பக்கத்தில், லோகநாதன், மாப்பிள்ளை, பச்சை வட்டம், கடை திறப்பு விழாவில் எடுத்த போட்டோ, நெற்றியில் சந்தனம். நான்தான் சேர்த்தேன், அப்போது அவள் கல்யாணமாகிப் புதிது, சோதனைக்கு ஆள் வேண்டும் என்று சொந்தக்காரர்களை எல்லாம் பிடித்துப் பிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்த பிறகு எடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் எத்தனை தடவை சொன்னேன். "மாப்பிள்ளைய எடுத்துட்டா சித்தி பாப்பா, சித்தி பாத்தா ஊரே கேக்கும், என்னாச்சு ஏதாச்சுன்னு, நான் என்னத்தச் சொல்லட்டும்? மொதல்ல சித்தி மக கல்யாணம் முடியட்டும் சாமி, பத்திரிகைல அவரு பேரு வேற போட்டாச்சு." அதோடு விட்டேன். எங்களில் ஒரு மாப்பிள்ளையை அப்படிச் சும்மா எடுத்துவிட முடியாது, கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவனுக்கும் சேர்த்துத்தான் பரிவட்டம் எடுத்து வைப்பார்கள், அவன் வராவிட்டாலும் இலை போடுவார்கள், பஞ்சாயத்து வைத்து முறித்தால்தான் முறிந்தது, அதுவரை அவன் வீட்டு ஆள். தாரணி கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கப் போயிருக்கிறாள் என்று சித்தியிடம் அம்மா சொல்லியிருக்கிறாள், சித்தியும் நம்பிய மாதிரி இருக்கிறாள். ஆபீஸில் நானும் அப்படியேதான். ஷபீர் போன மாதம்கூடக் கேட்டான், தங்கச்சி எப்படிக்கா இருக்கா, படிப்பு முடிஞ்சுதா என்று. இன்னும் ஆறு மாசம் ஆகும் என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. படிப்பும் கிடையாது, மண்ணும் கிடையாது, ஒரு சின்னப் பெண்ணைத் தூர ஊரில் ஒளித்து வைத்துவிட்டு, அவளைத் தேடுகிறவனுக்கு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம்.

போன் கையில்தான் இருக்கிறது, எடுத்துவிடலாம். எடுத்தால்? ஒருவரை எடுத்தால் எல்லாருக்கும் செய்தி போகும், கோகிலா லோகநாதனை நீக்கினார் என்று, குடும்பத்தில் ஒளிவுமறைவு கூடாது என்று நானே வைத்த ஏற்பாடு. சரி, முகவரியை மட்டும் அழித்தால்? தாரணியின் பக்கம் மாறியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று எல்லாருக்கும் போகும், வந்து பார்த்தால் பழையது கீழே சாம்பல் நிறத்தில் இருக்கும், தெரியாமல் அழித்தவர்கள் அழக்கூடாது என்று அதுவும் நான் வைத்ததுதான். நேற்று ராத்திரி வட்டம் நிறைந்தவுடன் ஒரு செய்தி அவனுக்குப் போயிருக்கும், எனக்கும் வந்திருக்கும், இன்றைக்குப் பேச வேண்டிய கவலையில் நான் திறக்கவே இல்லை. அவன் பார்த்தானா என்று தெரிந்தால் போதும், அதையாவது பார்க்கலாம் என்று பக்கத்தைத் திறக்கிறேன், பார்க்க முடியாது. யார் யார் பார்த்தார்கள் என்று காட்டக்கூடாது என்று அடித்துச் சொன்னது யார், நான். மருமகள் பார்த்தாளா இல்லையா என்று மாமியார் கணக்கெடுப்பாள் என்று பெரிய நியாயம் பேசினேன், அருணேஷ் கைதட்டினான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் வைத்த கதவு, நான் போட்ட தாழ்ப்பாள். ஷபீரிடம் சொன்னால் யாருக்கும் செய்தி போகாமல் உள்ளிருந்தே எடுத்துவிடுவான், ஒரு நிமிஷ வேலை. சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என்னவென்று? ஏன்க்கா என்பான். என் தங்கையை அவள் புருஷன் அடித்தான் என்று இந்த மேஜையில், இத்தனை பேர் நடுவில், சந்தனம் வைத்த அந்தப் போட்டோ சுவரில் இருக்கும்போது. வாயைத் திறந்தேன். "ஷபீர், இந்தப் படத்தைக் கொஞ்சம் மாத்தேன்," என்றேன். "ஏன்க்கா, நல்லாத்தான இருக்கு?" என்றான். சும்மாதான் என்றேன். சும்மாதான்! அம்மாவைப் பார்த்து எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன், இத்தனை படித்து, இவ்வளவு பேசி, கடைசியில் என் நாக்கும் அவள் நாக்கும் ஒரே நாக்குதான்.

போன் பேசுகிற சாக்கில் வெளியே வந்தேன். தாரணிக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, தூங்குகிறாள், தூங்கும்போது போனைத் தலையணைக்கு அடியில் ஓசையில்லாமல் வைத்துக்கொள்கிற பழக்கம் அந்த வீட்டில் வந்தது. மறுபடி அடித்தேன். பேன்ட்ரியில் யாரோ ஜூஸ் போட மிக்ஸியைத் திருகினார்கள், நானும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன் போலிருந்தது. அம்மாவுக்கு அடித்தேன், முதல் மணியிலேயே எடுத்தாள். "தாரணி பக்கத்துல ஓசூர் அட்ரஸையாம்மா போட்ட?" "ஆமா சாமி, தெனம் தெனம் கேக்குது, பாவம் அதுவும் எத்தன நாளைக்குக் கேக்கும், போட்டுட்டேன். ஏங் கண்ணு, தப்பாப் போட்டுட்டனா, பின்கோடு செரியாத்தான் போட்டேன்." "மாப்பிள்ளை பாப்பாருல்லம்மா அத!" அந்தப் பக்கம் குக்கர் சத்தம். பிறகு மெதுவாக, "அது தாரணி பக்கம்னுதான கண்ணு போட்டிருக்குது. அவ பக்கம்னா அவளுக்கும் எனக்குந்தான?" என்றாள். இதே வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். புது ஆட்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பொள்ளாச்சியில், கோபியில், வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசியபோது நாலைந்து பேர் இதைத்தான் சொன்னார்கள், எம் பொண்ணு பக்கம்னா அது பீரோவுக்குள்ள இருக்கற ரகசிய அறையாட்டம் என்று. பத்திரமாக இருப்பதாக உணர்கிறார்கள், மிக நல்லது என்று எழுதி அருணேஷுக்கு அனுப்பினேன். "அவரெங்க கண்ணு இதெல்லாம் பாக்கறாரு, மாசக்கணக்கா ஒண்ணும் எழுதறதில்லியே, நான் பொங்கலுக்குப் போட்ட வாழ்த்துக்கே பதில் போடல," என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் வாஸ்தவம்தான். அவன் பார்ப்பதே இல்லை. நாங்கள் அனுப்புகிற எதற்குமே அவன் பதில் போடுவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன், பஸ்ஸில் தொங்குகிறவன் கம்பியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. "நீயே எப்பிடியாச்சும் எடுத்து உட்ரு சாமி, சித்திக்குத் தெரியாம எடுத்து உட்ரு," என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் திறந்தது, அருணேஷ் காபியோடு வந்தான், "ஏன் வெளிய நிக்கறீங்க, வாங்க வாங்க, இன்னிக்கு உங்க நாள்," என்று என் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினான்.

பேசினேன். வாய் பாட்டுக்குப் பேசியது. புது ஆட்கள் நம்மைத் தேடி வருவதில்லை, அவர்களுடைய இடத்தை நாம் முன்பே தயாராக வைத்திருந்தால் அவர்கள் வந்து உட்காருவார்கள், தெரிந்தவர்களின் அக்கறைதான் நமக்கு வாசல் என்று வாய் பேசுகிறது, உள்ளே வேறு ஒருத்தி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஈரோட்டிலிருந்து ஓசூர் எவ்வளவு தூரம், தொப்பூர் வழியாகப் போனால், கார் வைத்திருக்கிறான், ஆனால் அவன் பார்ப்பதே இல்லை, அம்மாவே சொன்னாள், பொங்கல் வாழ்த்துக்கே பதில் போடவில்லை. சுவரில் காலிப் பக்கத்தின் படம் வந்தது, மாதிரிக்கு ஒரு பெயர், நல்லவேளை யாரோ ஒருவர். இது இன்றைக்கு எல்லாருக்கும் போகப்போகிறது. எத்தனை தாரணிகள் இருப்பார்கள். எத்தனை அம்மாக்கள் நாடகம் முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள், பின்கோடு உட்பட. இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை, தோன்றியது, தோன்றாமல் இல்லை, ஒரு நாள் ராத்திரி பல் விளக்கும்போது தோன்றியது, எங்கள் வீட்டு விஷயம் எங்கள் வீட்டோடு, ஊரெல்லாமா இப்படி இருக்கும் என்று வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுத்துவிட்டேன். "சூப்பர் கோகிலா," என்றான் அருணேஷ். "ஷபீர், விட்ரலாமா?" "இருங்க," என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இன்னிக்கு வேண்டாமே. ஒரு வாரம் பொறுத்து விடலாம்." "ஏன்?" ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது, அது வந்து பல்லில் முட்டி நின்றது. "முகவரி கேக்கறது கொஞ்சம்... இன்னும் பாக்கணும்," என்றேன். அருணேஷ் சிரித்தான், கெட்டவன் இல்லை, அன்பாகத்தான் சிரித்தான். "கடைசி நேரத்துல எல்லாருக்கும் வர்ற பயம் இது. பொண்ணக் கட்டிக்குடுக்கறப்ப அப்பாவுக்கு வருமே, அது. இருங்க, உங்க பயத்துக்கு நான் மருந்து வெச்சிருக்கேன்," என்று ஷபீரின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான்.

மறுபடி எங்கள் வீடு சுவரில் வந்தது. அருணேஷுக்கு மட்டும் தெரிகிற கணக்குகள் சில உண்டு, யார் எப்போது வந்தார்கள், எதைத் தொட்டார்கள், சோதனைக் குடும்பங்களுக்கு மட்டும் அதைத் திறந்து வைத்திருந்தோம். "புது ஆள் வர்றது ஒரு பக்கம். நான் எதிர்பாக்காதது என்னன்னா, செத்துப்போனவங்கன்னு நாம கணக்கெழுதி வெச்சவங்க எல்லாம் திரும்பி வர்றாங்க. நம்ம கோகிலா வீட்டையே பாருங்க. இங்க ஒருத்தர், மாசக்கணக்கா எட்டிப் பாக்கல. நேத்து ராத்திரி ஒரு பக்கம் நெறஞ்சுதுன்னு செய்தி போகுது. ராத்திரியே வர்றாரு, பாக்கறாரு, மறுபடி வர்றாரு, மறுபடி பாக்கறாரு, எத்தன தடவ பாருங்க. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு முகவரியத் தொட்டு, வழி காட்டுன்னு வேற கேட்டிருக்காரு. கெளம்பியே போயிட்டாரு போல பாவம், சொந்தக்காரங்களப் பாக்க. இதுதாங்க நம்ம சாமானோட உயிரு." யாரோ கைதட்டினார்கள், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள், என்னைப் பார்த்து, எனக்காக. நாற்காலியைத் தள்ளியது கேட்டது, நான்தான் தள்ளியிருக்கிறேன், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் தள்ளினேன், இழுத்தேன், நடைபாதைக்கு வந்துவிட்டேன். கதவு பின்னால் பாதி திறந்தபடி நின்றது.

விடுதியின் வார்டன் எண் என்னிடம் இருந்தது, அவளுக்குப் பொறுப்பு என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. மூன்றாவதில் எடுத்தார்கள். "யாரு? தாரணி அக்காவா? சொல்லும்மா, நல்லா இருக்கியா?" தாரணி இருக்கிறாளா மேடம், ரூமில்தான் இருக்கிறாளா என்று கேட்டேன். "இருக்குதும்மா, தூங்கிட்டிருந்துது. நானே உனக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன், வீட்ல இருந்து ஆள் வர்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அட்ரஸெல்லாம் செரியா வெச்சிருந்தாரு. ஆம்பளைங்கள உள்ள விட மாட்டேன்னு சொன்னேன், ஐயோ பரவால்லீங்க மேடம்னு செருப்பக் கழட்டிட்டு ஆபீஸ் ரூம்லயே உக்காந்துட்டாரு. ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் வாங்கிட்டு வந்திருக்காரு. நல்ல மாதிரிம்மா. வீட்ல இருந்து வந்திருக்காங்கன்னு மேல சொல்லி அனுப்பியிருக்கேன், இதோ எறங்கி வந்துட்டே இருக்குது." அவளைக் கீழே வர வேண்டாம் என்று சொல்லுங்கள் மேடம் என்றேன், ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். "எதுக்கும்மா?" என்றார்கள். குடும்ப விஷயம் மேடம் என்றேன். அதைச் சொன்னேன், அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன். "குடும்பத்துல ஆயிரம் இருக்கும்மா, வந்தவரத் திருப்பி அனுப்பறது நல்லா இருக்காது," என்று வார்டன் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார்கள், ஒவ்வொரு சொல்லும் நிதானமாக, பொறுப்பாக வந்தது, அந்த நிதானத்துக்குள் அவள் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என் குரல் வெளியே வந்தது, இவ்வளவு பெரிய குரல் எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. "அடிப்பான் மேடம்! அவன் அவளை அடிப்பான், ரெண்டு வருஷம் அடிச்சான், கொன்னுருவான், அதுக்குத்தான் உங்ககிட்ட கொண்டாந்து விட்டேன்!" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஷபீர் என்னையே பார்த்துக்கொண்டு லேப்டாப்பிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். போனுக்குள் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, யார் எழுந்தார்கள் என்று தெரியவில்லை. பிறகு தூரத்தில், தூக்கம் இன்னும் கலையாத குரலில், சந்தோஷமாக என் தங்கை கேட்டாள், "அம்மாவா மேடம் வந்திருக்காங்க?"